கைப்பேசியின் அளவும் பூட்டும்



ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கைப்பேசியைப் பற்றிப் பேச வருகிறார் என்றால், அதைப் பழித்துப் பேசத்தான் வருகிறார் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். அந்தப் பணியைச் செய்யப் பலர் இருக்கிறார்கள். இன்று நான் அதை மேற்கொள்ளப் போவதில்லை. கைப்பேசியின் பல கூறுகளுள் நம் உடம்போடு நேரே உறவு கொள்பவை இரண்டு. ஒன்று, கையால் பற்றுகின்ற அதன் அளவு. மற்றொன்று, நம் விரலையோ முகத்தையோ கேட்டுத் திறக்கின்ற அதன் பூட்டு. இவ்விரண்டிலும் மக்களின் விருப்பம் எவ்வாறு அமைந்துள்ளது, அது எவ்வாறு மாறி வந்துள்ளது, அந்த விருப்பத்தால் நன்மை அடைவோர் யார், விடுபட்டுப் போவோர் யார் என்பனவற்றை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் அளவை எடுத்துக்கொள்வோம். 2007ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை உலகுக்குக் காட்டினார். அதன் திரை 3.5 அங்குலம். கைப்பேசியின் முகத்தில் பாதியைப் பொத்தான்கள் பிடித்துக்கொண்டிருந்த அந்நாளில் அதுவே பெரிய திரை. 2010ஆம் ஆண்டு ஜூலையில் செய்தியாளரிடையே பேசிய ஜாப்ஸ், அப்போது வரத் தொடங்கியிருந்த பெரிய கைப்பேசிகளைக் கை சுற்றிப் பிடிக்க இயலாது என்றும், அவற்றை எவரும் வாங்கப் போவதில்லை என்றும் கருத்துத் தெரிவித்தார். மறு ஆண்டிலேயே, அதாவது 2011இல், சாம்சங் நிறுவனம் 5.3 அங்குலத் திரை கொண்ட கேலக்ஸி நோட் என்னும் கருவியை வெளியிட்டது. அதைக் காதில் வைத்துப் பேசுவோரை நகையாடி எழுதியவர்கள் உண்டு. ஆயினும் மக்கள் அதை விரும்பி வாங்கினார்கள்.

2012இல் வந்த ஐபோன் 5இன் திரை 4 அங்குலம். ஒரு கையால் பிடித்துப் பெருவிரலால் திரை முழுவதையும் எட்டலாம் என்பதை அதன் விளம்பரம் ஒன்று பெருமையாக எடுத்துரைத்தது. இரண்டே ஆண்டுகளில், 2014இல், அதே நிறுவனம் 4.7 அங்குலத்திலும் 5.5 அங்குலத்திலும் கருவிகளைக் கொண்டுவந்தது. பெருவிரலின் பெருமை அத்துடன் விளம்பரத்திலிருந்து மறைந்தது. இன்று கடைக்குச் சென்று 6 அங்குலத்துக்குக் குறைந்த திரையுள்ள புதிய கைப்பேசி வேண்டும் என்று கேட்டால், கிடைப்பது அரிது.

இங்கே நாம் கணக்கு வகுப்புக்குச் சற்று நேரம் சென்று வர வேண்டும். திரையின் அளவு என்று கடையில் சொல்லப்படுவது அகலமும் அன்று, உயரமும் அன்று. மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் செல்லும் மூலைவிட்டத்தின் நீளம். நீங்கள் பள்ளியில் பயின்ற பிதாகரசின் தேற்றம் இவ்விடத்தில் கைகொடுக்கிறது. அகலத்துக்கும் உயரத்துக்கும் 9க்கு 16 என்ற விகிதம் உள்ள 5.5 அங்குலத் திரையைக் கணக்கிட்டுப் பாருங்கள். அதன் அகலம் ஏறத்தாழ 6.85 செண்டிமீட்டர் வரும். அடுத்து, 9க்கு 20 என்ற விகிதமுள்ள 6.5 அங்குலத் திரையைக் கணக்கிடுங்கள். அதன் அகலம் ஏறத்தாழ 6.78 செண்டிமீட்டர்தான். ஓர் அங்குலம் கூடுதலான திரை, அகலத்தில் சற்றே குறைந்திருக்கிறது! வளர்ந்தது உயரம் மட்டுமே; 12.2 செண்டிமீட்டராக இருந்தது 15 செண்டிமீட்டராக உயர்ந்துள்ளது. கைக்குள் அடங்குமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அகலம். பெருவிரல் உச்சியை எட்டுமா என்பதை முடிவு செய்வது உயரம். அங்குலம் என்னும் ஒற்றை எண் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து மறைத்துவிடுகிறது. ஆகையால், அந்த எண்ணை மட்டும் நம்பிக் கைப்பேசி வாங்குவது, சுற்றளவை மட்டும் கேட்டு நிலம் வாங்குவதைப் போன்றது.

நிற்க. பெரிய திரை ஏன் வென்றது? மக்கள் கண்மூடிப் பெருமைக்காக வாங்கினார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. உடல் பெரிதானால் உள்ளே பெரிய பேட்டரி வைக்க இடம் கிடைக்கிறது. நல்ல கேமராவுக்கும் இடம் வேண்டும். இவற்றினும் முதன்மையான காரணம் ஒன்று உண்டு. மேல்நாட்டுச் செல்வர் ஒருவரிடம் மேசைக் கணினியும் மடிக்கணினியும் தொலைக்காட்சியும் இருக்கக்கூடும். அவருக்குக் கைப்பேசி நான்காவது திரை. நம் நாட்டில் கோடிக்கணக்கானவர்களுக்கு அதுவே முதல் திரை, ஒரே திரை. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சேவை தொடங்கிய பின்னர் இணையத்தின் விலை நம் நாட்டில் வெகுவாகக் குறைந்தது. திரைப்படமும், கிரிக்கெட் ஆட்டமும், வங்கிக் கணக்கும், சந்தை விலையும் அந்த ஒரு திரைக்குள் வந்து சேர்ந்தன. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது வகுப்பறையும் அதற்குள்ளே வந்தது. அண்ணனும் தங்கையும் ஒரே கைப்பேசியின் முன் தலை முட்ட அமர்ந்து, கரும்பலகையில் எழுதிய சமன்பாட்டைக் கண்ணை இடுக்கிப் படித்த காட்சியை நான் பல வீடுகளில் கண்டேன். அவர்களுக்கு அரை அங்குலம் கூடுதலான திரை ஆடம்பரம் ஆகாது. அது எழுத்துத் தெரிவதா, தெரியாததா என்ற வேறுபாடு.

எனவே, பெரும்பாலோரின் விருப்பத்துக்குத் தக்க காரணம் இருக்கிறது. ஆயினும் பெரும்பாலோர் விரும்பினர் என்பதால் எல்லோருக்கும் அது பொருந்திவிட்டது என்று கொள்ளலாகாது. ஸ்டீவன் ஹூபர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், பொதுவிடங்களில் கைப்பேசியைப் பயன்படுத்திக்கொண்டிருந்த 1,333 பேரை உற்றுநோக்கித் தம் முடிவுகளை 2013ஆம் ஆண்டில் வெளியிட்டார். திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களுள் நூற்றுக்கு 49 பேர் ஒரு கையாலேயே பிடித்து அதே கையின் பெருவிரலால் இயக்கினார்கள். 36 பேர் ஒரு கையில் ஏந்தி மறு கையால் தொட்டார்கள். 15 பேர் இரு கைகளாலும் இயக்கினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரு கையே போதும் என்ற நிலை அன்று இருந்தது. பேருந்தில் கம்பியைப் பற்றி நிற்பவருக்கும், இடுப்பில் குழந்தையை வைத்திருப்பவருக்கும், ஊன்றுகோல் பிடித்த முதியவருக்கும் மிஞ்சியிருப்பது ஒரு கைதான் அல்லவா? உயர்ந்துகொண்டே போன திரை அந்த ஒரு கைக்குத்தான் எட்டாமற் போயிற்று.

கைகளும் எல்லோர்க்கும் ஒன்றாக இல்லை. பொதுவாகப் பெண்களின் கை ஆண்களின் கையைவிடச் சிறியது. 2018ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தன் 4 அங்குலக் கருவியின் விற்பனையை நிறுத்தியபோது, ஆண் கையை அளவாக வைத்தே கருவிகள் செய்யப்படுகின்றன என்று பிரிட்டனில் பெண்ணுரிமைக்குப் பாடுபடுவோர் கண்டனம் தெரிவித்தனர். சட்டைப் பையைப் பற்றியும் நாம் சிந்திக்க வேண்டும். என் போன்றோரின் சட்டைப் பையில் பெரிய கைப்பேசி பாதி வெளியே நிற்கும். குனிந்தால் கீழே விழும். புடவைக்கும் பாவாடை தாவணிக்கும் பையே இல்லை. வயல் வேலைக்குச் செல்லும் பெண்கள் சிறிய கைப்பேசியைச் சுருக்குப் பையில் இட்டு இடுப்பில் செருகிக்கொள்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்தப் பைக்குள் ஆறரை அங்குலக் கருவி நுழைவதில்லை.

அப்படியானால் சிறிய கைப்பேசி செய்து விற்றால் என்ன என்று கேட்பீர்கள். அதையும் செய்து பார்த்தார்கள். சிறிய கருவி வேண்டும் என்ற குரல் பல ஆண்டுகளாக ஒலித்து வந்தது. 2020இல் ஆப்பிள் நிறுவனம் 5.4 அங்குலத் திரையுள்ள மினி என்ற வகையை வெளியிட்டது. 2021இல் இரண்டாவது மினியும் வந்தது. 2022ஆம் ஆண்டு வரிசையில் மினி இல்லை, அவ்விடத்தில் 6.7 அங்குலப் பெரிய கருவி ஒன்று அமர்ந்தது. கேட்டவர்கள் பலர், விலை கொடுத்து வாங்கியவர்கள் சிலர். இதிலிருந்து ஒரு பாடத்தை நாம் கற்றுக்கொள்ளலாம். வாயால் சொல்லும் விருப்பம் ஒன்று. காசு கொடுக்கும்போது தோன்றும் விருப்பம் வேறொன்று. கடையில் நிற்கும்போது நம் கண் இரண்டு திரைகளை அருகருகே வைத்து ஒப்பிடுகிறது. பெரிய திரை ஒளிவீசிக் கண்ணைக் கவர்கிறது. பேட்டரி சிறியது என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. கையின் வலி கடையில் தெரியாது. மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். கண் வாங்குகிறது, கை சுமக்கிறது.

விருப்பம் என்பதைப் பற்றிப் பொருளாதாரம் பயில்வோர் மற்றொன்றையும் கருத வேண்டும். கடையில் இல்லாத பொருளை எவரும் வாங்க முடியாது. சிறிய கருவிகள் மறைந்தபின் எல்லோரும் பெரியதையே வாங்குகிறார்கள் என்று கணக்குக் காட்டினால், அது மக்களின் விருப்பத்தைக் காட்டும் கணக்கா, கடைக்காரரிடம் இருந்த சரக்கைக் காட்டும் கணக்கா என்று கேட்கும் துணிவு உங்களுக்கு வேண்டும்.

இனிப் பூட்டுக்கு வருவோம். அளவுக்கும் பூட்டுக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. திரைக்குக் கீழே வட்டப் பொத்தான் ஒன்று இருந்த காலத்தில், விரல் ரேகையைப் படிக்கும் கருவியை அப்பொத்தானிலேயே வைத்தார்கள். திரை வளர்ந்து முகப்பு முழுவதையும் நிறைத்தபோது பொத்தானுக்கு இடமில்லாமற் போயிற்று. ரேகைக் கருவி சிலவற்றில் முதுகுப்புறம் சென்றது; சிலவற்றில் பக்கவாட்டுப் பொத்தானுக்கு மாறியது. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் விவோ நிறுவனம் திரைக்கு அடியிலேயே அதைப் பதித்தது. அதற்கு முந்திய ஆண்டில், 2017இல், ஆப்பிள் நிறுவனம் ஐபோன் பத்தில் பொத்தானையே நீக்கிவிட்டு முகத்தைப் பார்த்துத் திறக்கும் முறையைக் கொண்டுவந்தது. திரை பெரிதானதால் சாவியே மாறியது என்று சொல்லலாம்.

பூட்டைத் திறக்கும் வழிகள் இருவகை. நம் நினைவில் உள்ள இரகசியத்தால் திறப்பது ஒரு வகை. நம் உடம்பின் அடையாளத்தால் திறப்பது மற்றொரு வகை. முதல் வகையில் எளியது இரகசிய எண். நான்கு இலக்கம் என்றால் 10,000 எண்கள். ஆறு இலக்கம் என்றால் 10 இலட்சம். இரண்டு இலக்கம் கூட்டினால் வலிமை நூறு மடங்காகிறது. ஆனால் இக்கணக்கு, மக்கள் எண்ணைச் சீரின்றித் தேர்ந்தெடுத்தால்தான் செல்லும். நிக் பெரி என்பவர் 2012ஆம் ஆண்டில், வெளியில் கசிந்திருந்த ஏறத்தாழ 34 இலட்சம் நான்கிலக்க இரகசிய எண்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் நூற்றுக்கு 11 அளவில் 1234 என்ற ஒரே எண்ணாக இருப்பதைக் கண்டார். பிறந்த ஆண்டை வைப்போரும் மிகுதி. திண்டுக்கல்லில் செய்த உறுதியான பூட்டை வாங்கி மாட்டிவிட்டுச் சாவியை வாசற்படிமீதே வைத்துச் செல்வதற்கு இது ஒப்பாகும்.

ஒன்பது புள்ளிகளை இணைத்துக் கோடு வரைந்து திறப்பது ஆண்ட்ராய்டு கருவிகளில் உள்ள முறை. நம் வீட்டு வாசலில் இடும் புள்ளிக் கோலத்தை இது நினைவூட்டும். குறைந்தது நான்கு புள்ளிகளேனும் இணைய வேண்டும் என்ற விதிப்படி 3,89,112 கோலங்கள் உண்டு. நான்கிலக்க எண்ணைவிட இது பன்மடங்கு மிகுதி. எனினும், விரலின் எண்ணெய்ப் பசை கண்ணாடியின்மேல் கோலத்தின் தடத்தை விட்டுச் செல்கிறது. 2010ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தடத்தைப் பல வகை ஒளியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு சோதனையில், அவர்கள் அமைத்த ஒளி, கேமரா ஏற்பாடுகளுள் நூற்றுக்கு 68இல் கோலம் முழுவதும் தெரிந்துவிட்டது. எழுதிய விடையை அழிக்காமல் பலகையை அப்படியே விட்டுச் செல்வது போன்றது இது.

அடுத்து, உடம்பின் அடையாளம். விரல் ரேகையை அடையாளமாகப் பயன்படுத்திய வரலாற்றில் நம் நாட்டுக்குச் சிறப்பான இடம் உண்டு. 1858இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துக்குத் துணையாகக் கையின் பதிவை வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பணியகம் அமைந்தது. அங்கு எட்வர்டு ஹென்றியின் பெயரால் வழங்கும் பகுப்பு முறையை உருவாக்குவதில் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பு பெரிது. எழுதத் தெரியாதவரைக் கைநாட்டு என்று இழித்துரைக்கும் வழக்கம் நம்மிடையே இருந்தது. இன்று பட்டம் பெற்றவரும் தம் கைப்பேசியைத் திறக்க நாள் முழுவதும் கைநாட்டு வைக்கிறார்கள். ஒரு காலத்து இழிவுச்சொல் இன்று நாகரிக வசதியாகிவிட்டது.

மக்கள் இம்முறையை ஏன் விரும்புகிறார்கள் என்பது வெளிப்படை. நினைவு வைக்க வேண்டியதில்லை; நொடியில் திறக்கிறது. 2013இல் ஐபோன் 5எஸ்சில் இதைப் புகுத்திய ஆப்பிள் நிறுவனம், பிறர் விரல் தற்செயலாகப் பொருந்திவிடுவதற்கான வாய்ப்பு 50,000இல் ஒன்று என்றது. முகத்தால் திறக்கும் முறைக்கு அது 10 இலட்சத்தில் ஒன்று என்று 2017இல் அறிவித்தது. இரட்டைப் பிறவிகளுக்கு இக்கணக்குப் பொருந்தாது என்பதையும் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. முகத்தின்மேல் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளிப்புள்ளிகள் முப்பதாயிரத்துக்கு மேல் விழுகின்றன; அவற்றைக்கொண்டு முகத்தின் மேடுபள்ளங்கள் அளக்கப்படுகின்றன. வெறும் படத்தை மட்டும் ஒப்பிடும் முறை வேறு. அது வலிமை குறைந்தது. 2011இல் ஆண்ட்ராய்டில் வந்த முதல் முகப்பூட்டு, உரியவரின் புகைப்படத்தைக் காட்டினாலே திறந்துகொண்டது. இரண்டுக்கும் முகப்பூட்டு என்ற ஒரே பெயர் வழங்குவதால், வாங்குவோர் வேறுபாடு அறிந்து கேட்க வேண்டும்.

இந்த வசதிகள் எல்லோருக்கும் ஒன்றுபோல் கிடைக்கின்றனவா? ஈர விரலை ரேகைக் கருவி பெரும்பாலும் ஏற்பதில்லை. சுண்ணாம்பும் சிமெண்டும் கையாளும் கொத்தனார், பாத்திரம் தேய்க்கும் பெண், தறியிலும் வயலிலும் உழைப்போர் ஆகியோரின் விரல்களில் ரேகை தேய்ந்து போகிறது. முதுமையிலும் அவ்வாறே. ஓய்வூதியம் பெறுவோர் உயிரோடு இருப்பதற்கான சான்றைக் கணினி வழியே அளிக்கும் திட்டம் 2014ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கியது. அந்த வரிசைகளில் நானும் நின்றிருக்கிறேன். விரலைத் துணியால் துடைத்தும், வாயால் ஊதியும், ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைத்தும், தாம் தாமே என்று பொறிக்கு மெய்ப்பிக்க முயன்ற முதியவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களின் முகத்தில் இருந்த கவலை எளிதில் மறக்கத்தக்கதன்று. 2021இல் அத்திட்டத்தில் முகத்தைக் காட்டிச் சான்றளிக்கும் வழியும் சேர்க்கப்பட்டது. இரண்டு வழிகள் இருந்தால், ஒன்று கைவிட்டவரை மற்றொன்று காக்கும். அந்த முகமும் எல்லாக் காலத்திலும் உதவுவதில்லை. 2020இல் உலகமே முகக்கவசம் அணிந்தபோது முகப்பூட்டுகள் தம் உரிமையாளரையே அறியாமல் விழித்தன. கவசத்தோடு திறக்கும் வசதியை ஐபோன் 2022ஆம் ஆண்டு மார்ச்சில்தான் பெற்றது.

இப்பொருளில் நீங்கள் தலையாயதாகக் கருத வேண்டிய ஒன்றை இனிச் சொல்கிறேன். இரகசிய எண் களவு போனால் வேறு எண்ணை வைத்துக்கொள்ளலாம். விரல் ரேகை களவு போனால் வேறு விரலுக்கு எங்கே போவது? 2013இல் ஐபோன் 5எஸ் வெளிவந்த சில நாட்களிலேயே, ஜெர்மனியின் கேயாஸ் கணினிக் கழகத்தார் கண்ணாடியில் பதிந்த விரல் தடத்தைப் படமெடுத்து, அதிலிருந்து போலி விரலுறை செய்து பூட்டைத் திறந்து காட்டினார்கள். மறு ஆண்டில் அவர்களுள் ஒருவரான யான் கிரிஸ்லர், ஜெர்மானியப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த உர்சுலா ஃபான் டெர் லையனின் விரல் ரேகையைப் புகைப்படங்களிலிருந்தே உருவாக்கிக் காட்டினார். 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகக் கணினிகளிலிருந்து ஏறத்தாழ 56 இலட்சம் பேரின் விரல் ரேகைகள் களவு போனது வெளிப்பட்டது. அவர்கள் வாழ்நாள் முழுவதும் அதே விரல்களோடுதான் வாழ வேண்டும்.

ஆகவே, ரேகையையும் முகத்தையும் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்வதாகக் கொள்ளாதீர்கள். நல்ல கைப்பேசிகளில் ரேகையின் குறிப்பு கருவிக்குள்ளேயே தனிப் பகுதியில் மறைத்து வைக்கப்படுகிறது. அது வெளியே அனுப்பப்படுவதில்லை. பேருந்து நிலையத்தில் கைப்பேசியைத் திருடுபவன் போலி விரல் செய்து கொண்டிருக்கமாட்டான். அவன் பின்னால் நின்று நீங்கள் தட்டும் எண்ணை எட்டிப் பார்ப்பவனாக இருக்கக்கூடும்; அவனிடமிருந்து காப்பாற்ற விரல் ரேகையே நல்லது. வீட்டிலும் விடுதியிலும் நிலைமை வேறு. உறங்குபவரின் விரலை எடுத்து வைத்துத் திறந்துவிடலாம். நினைவில் உள்ள எண்ணை உறக்கத்தில் எடுக்க இயலாது. யாரிடமிருந்து காக்க வேண்டும் என்பதைத் தெளிந்துகொண்டால், எந்தப் பூட்டு வேண்டும் என்பது தானே விளங்கும். மேலும், கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்கும்போது அது விரலை ஏற்காமல் எண்ணையே கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். அடிப்படையான சாவி எண்தான். விரலும் முகமும் அன்றாட வசதிக்காக அமைந்த துணைச் சாவிகள். துணைச் சாவி எவ்வளவு நவீனமாக இருந்தாலும், அடிச்சாவி 1234 ஆக இருந்தால் பயனில்லை.

நம் வீடுகளுக்கே உரிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கைப்பேசி ஒருவருக்கே உரியது என்ற எண்ணத்தோடு பூட்டுகள் அமைக்கப்படுகின்றன. பல குடும்பங்களில் தந்தை, தாய், இரண்டு பிள்ளைகள் ஆகிய நால்வருக்கும் கருவி ஒன்றே. தந்தையின் விரலுக்கு மட்டும் திறக்கும் கருவி, அவர் வெளியூர் சென்ற நாளில் மகளின் பாடத்தையும் பூட்டிவிடுகிறது. ஒரே கருவியில் பலருடைய விரல்களைப் பதியலாம். ஆனால் ஒன்றை அறிந்து செய்ய வேண்டும். பதிந்த விரல் ஒவ்வொன்றும் வாசல் கதவோடு, வங்கிக் கணக்கு இருக்கும் உள்ளறைக் கதவையும் திறக்கக்கூடும். வங்கிச் செயலிகளுக்கு வேறு எண்ணும் வேறு பூட்டும் வைப்பது நலம். நம் பாட்டிமார் வீட்டுக் கதவின் சாவியை எல்லோர் கைக்கும் எட்டும்படி ஆணியில் மாட்டிவிட்டு, பெட்டகத்தின் சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டார்கள். அந்த முறை இன்றும் ஏற்றதே.

மாணவ மாணவியரே! உங்களுள் சிலர் நாளை இக்கருவிகளை அமைக்கும் பொறியியலாளர் ஆவீர்கள். எல்லோரும் வாங்குபவராக இருப்பீர்கள். அமைப்போர், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விரும்புவதைச் செய்துவிட்டு நிறைவடைந்துவிடலாகாது. மிஞ்சிய பத்துப் பேருள் சிறிய கையுடையவரும், ரேகை தேய்ந்தவரும், ஒரு கையை இழந்தவரும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வழி வைத்தாக வேண்டும். வாங்குவோர், அயலார் வைத்திருப்பதைப் பார்த்தோ கடையின் ஒளியைப் பார்த்தோ முடிவு செய்யலாகாது.

இன்று இரவு மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். அளவுகோல் ஒன்றை எடுத்து, உங்கள் வீட்டுக் கைப்பேசியின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, அதன் மூலைவிட்டத்தைக் கணக்கிடுங்கள். பிறகு உங்கள் அன்னையிடமோ பாட்டியிடமோ அக்கருவியைக் கொடுத்து, ஒரு கையால் பிடித்துத் திரையின் மேல் மூலையைப் பெருவிரலால் தொட முடிகிறதா என்று கேளுங்கள். அவர் விரலைப் பூட்டு ஏற்கிறதா என்பதையும் பாருங்கள். கடைசியாக, உங்கள் இரகசிய எண் 1234 என்றோ பிறந்த ஆண்டாகவோ இருந்தால், உறங்கப் போகுமுன் அதை ஆறு இலக்க எண்ணாக மாற்றிவிடுங்கள். புதிய எண்ணை மனத்தில் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.